ஜப்பான் படமும் மயில் கழுத்தும்

கொஞ்சம் இதை அந்த ஓரமாப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. படுக்க வச்சிராதீங்க, நிமித்தியே பிடிங்க. ரெண்டு பக்கமும் கண்ணாடி. ஆமா, பின்னாடியும்தான். மதுரையில ஃபிரேம் கடைக்காரனே கேட்டான், எதுக்குய்யா முதுகுக்கும் கண்ணாடின்னு. சொன்னதைப் போடுய்யான்னுட்டேன். அவன்கிட்ட நின்னு கதை சொல்லவா முடியும்? உங்ககிட்டன்னா சொல்லலாம். நீங்க கோவில்பட்டி, நான் சாத்தூர்ல இறங்கணும். பஸ்ஸு இன்னும் திருமங்கலமே தாண்டல.

என் பேரு காளிராஜன். சிவகாசி. ஆப்செட் பிரஸ்ல மெஷின்மேனாச் சேர்ந்து ஃபோர்மேனா ரிட்டயர் ஆனவன். உங்க வீட்டுக் காலண்டர்ல முருகன் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டுத் தாண்டாம நிக்குதா? அப்ப அது நான் அடிச்சதா இருக்கும், இல்ல நான் பழக்கிவிட்ட ஆளு அடிச்சதா இருக்கும். பெருமைக்குச் சொல்லல. பெருமை பேசுற பழக்கமே எனக்குக் கிடையாது. நாலு கலரும் பொடிப் புள்ளியாத்தான் தாள்ல விழும், ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா உக்காரணும், அதுக்குப் பேருதான் ரிஜிஸ்டர். உக்காரலன்னா அந்த ஷீட்டு வேஸ்ட். எங்க ஊருல பிள்ளைக கூட அதைச் சொல்லும்.

இந்தப் படம் ஜப்பான் படம். இப்பப் பிரிக்க வேண்டாம், வாயால சொல்லுதேன். பனி கொட்டுது. பாலத்து மேல ஒரு பொம்பளை குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பின்னாடி ஒரு படகு, அதுல தொப்பி போட்டு ஒரு ஆளு. அம்புட்டுத்தான். எங்க மாமனார்தான் பிரஸ்ஸுக்கு முதலாளி. மெஷின் பார்க்க ஒசாகாவுக்குப் போனவரு கொண்டுவந்தாரு. அவருக்கு ரெண்டும் பொம்பளைப் பிள்ளை. மூத்தது ராஜகனி, சாத்தூர்ல ஞானதுரைக்கு வாக்கப்பட்டது. எனக்கு மதினி. எளையது தவமணி, என் சம்சாரம். கல்யாணத்துல ஆளுக்கொரு படம் குடுத்தாரு. ரெண்டு வீட்டு ஹால்லயும் அச்சு அசலா அதே பொம்பளை, அதே குடை. ரெண்டுமே ஜப்பான்ல வாங்குனதுன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். யாரு அதைப் போயி உத்துப் பார்த்தா? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துடைச்சு, பொட்டு வச்சு, மாட்டுவோம். அந்தப் பொம்பளைக்கும் சேர்த்துத்தான் பொட்டு.

ஞாயித்துக்கிழமை ஒரு வாரம் அவங்க வீட்டுல சாப்பாடு, மறுவாரம் எங்க வீட்டுல. மாமனார் இருந்த காலத்துல இருந்து வர்ற பழக்கம். சகலை மளிகைக்கடை வச்சிருக்காரு, வரும்போது சூடா சேவு வாங்கிட்டு வருவாரு. அக்காளும் தங்கச்சியும் அடுப்படியில உக்காந்தா ஊருல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க, அத்தனை பேரையும் அலசிருவாங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய சீட்டு விளையாடுவோம். சொர்க்கம் அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன், எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

அதுல மண்ணள்ளிப் போட்டது சகலை பையன். பெங்களூருல இருந்து ஃபோன்ல எதையோ அனுப்பி விட்டிருக்கான். இதே மாதிரி பழைய ஜப்பான் படம் லண்டன்ல ஏலம் போச்சாம், பல லட்சமாம், ஒரிஜினலா இருந்தாத்தானாம். சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டு சகலை இதை வாசிச்சாரு. வாசிச்சதோட விட்டிருக்கலாம்ல? "ரெண்டும் ஒண்ணு போல இருக்கே, அப்ப ஒண்ணுதானே அசலா இருக்கும்?"ன்னாரு.

என் சம்சாரம் கரண்டியை வச்சுட்டா. "எங்கப்பா அப்படி ஓரவஞ்சனை பார்க்குற ஆளா?"

"யாரு இல்லன்னா?"ன்னாங்க மதினி. "ஆனா ஒண்ணு, அப்படிக் குடுத்திருந்தா மூத்தவளுக்குத்தான் அசலைக் குடுத்திருப்பாரு."

"ஏன், எளையவ என்ன தவிட்டுக்கு வாங்குன பிள்ளையா?"

விளையாட்டாத்தான் ஆரம்பிச்சது. பாயசம் வர்றதுக்குள்ள ரெண்டு பேரு மூக்கும் சிவந்துபோச்சு. லட்சமெல்லாம் அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல அண்ணாச்சி. அப்பா யாரு மேல உசுரா இருந்தாரு, அதான் கேள்வி. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, அவரைக் கேக்க முடியாது. படத்தைத்தான் கேக்கணும். படத்தைக் கேக்க வீட்டுல யாரு இருக்கா? நான்தான் இருக்கேன். நாலு பேரும் என் மூஞ்சியப் பார்த்தாங்க. நாலாவது ஆளு நானேதான், கண்ணாடியில என்னையப் பார்த்துக்கிட்டேன்.

மறுவாரம் ரெண்டு படத்தையும் எங்க வீட்டு மேஜையில பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. நான் பிரஸ் லென்ஸை எடுத்தேன். ஃபிரேமைக் கூடக் கழட்டல, கண்ணாடிக்கு மேலயே பார்த்தேன். என் கண்ணுக்கு அதெல்லாம் தேவையில்ல. எங்க வீட்டுப் படத்துல அந்தப் பொம்பளை இடுப்புத் துணிச் சிவப்பு கோட்டை விட்டு வெளிய வழிஞ்சிருக்கு. வானத்து நீலத்துல வரி வரியா, பலகையில இருக்குற மாதிரி கோடு. குடையில ஒரு பக்கம் மை கூட, ஒரு பக்கம் குறைச்சல். என்கிட்ட வேலை பார்க்குறவன் எவனாவது இப்படி ஒரு ஷீட்டை எடுத்து நீட்டியிருந்தா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பியிருப்பேன். மதினி வீட்டுப் படத்தைப் பார்த்தேன். ஆகா! சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, புள்ளிக்குப் புள்ளி அப்படியே உக்காந்திருக்கு. ஒரு மயிரிழை விலகல. "இந்த மெஷின்மேன் கைக்குக் காப்பே போடலாம்"னு வாய் விட்டுச் சொன்னேன்.

நான் நியாயஸ்தன் அண்ணாச்சி. கட்டுன பொண்டாட்டின்னு பார்க்கல. "மதினி, உங்களுதுதான் அசல். எங்க வீட்டுல இருக்குறது வேஸ்ட் ஷீட்டு"ன்னு போட்டு உடைச்சுட்டேன்.

நல்ல தீர்ப்புதானே? அதுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதையக் கேளுங்க. தவமணி அக்காகிட்டப் பேச்சை நிறுத்திட்டா. என்கிட்டயும்தான். படத்தைக் கழட்டி, சுவத்தைப் பார்க்கத் திருப்பிச் சாத்தி வச்சுட்டா. ஞாயித்துக்கிழமை சாப்பாடு நின்னு போச்சு, சீட்டு நின்னு போச்சு, சேவு நின்னு போச்சு. வீட்டுல மீன் குழம்பு வைப்பா. குழம்பு என் தட்டுக்கு வரும், மீன் வராது. எங்க மீனுன்னு கேட்டா, "வேஸ்ட் ஷீட்டு வீட்டுல மீனு எதுக்கு?"ம்பா. எனக்குக் கோவமே வராது. ஆனா அன்னைக்குத் தட்டைக் கொஞ்சம் வேகமா நகட்டிட்டேன், அது சுவத்துல போயி மோதிருச்சு.

அதைவிட ஒண்ணு. ஒருநாள் மத்தியானம் அவ அந்தப் படத்தைத் திருப்பி வச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்திருந்தா. என்னையப் பார்த்ததும் முந்தானையால மூக்கைத் துடைச்சா. "எங்கப்பா தெரிஞ்சே குடுத்திருப்பாராங்க?"ன்னு கேட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் என்கிட்டப் பேசுன மொதப் பேச்சு அது. நான் துண்டை உதறிக்கிட்டே வெளிய வந்துட்டேன்.

இந்த நேரத்துல சகலை ஃபோன் போட்டாரு. "சகல, மதுரையில சுகிர்தான்னு ஒரு மேடம் இருக்காங்களாம். பம்பாய்ல ஏலக் கம்பெனியில இருந்தவங்க, பழைய படத்துக்கு விலை மதிச்சுச் சொல்லுவாங்களாம். பையன் பிடுங்கி எடுக்கான். விக்கவெல்லாம் மாட்டோம், சும்மா கேப்போம். துணைக்கு வாங்க"ன்னாரு. தவமணி காதுல இது விழுந்திருச்சு. அவ போயி எங்க வீட்டுப் படத்தைச் சாக்குல சுத்தி என் கையில குடுத்தா. "இதையும் கொண்டுபோங்க. போற வழியில எங்கயாவது போட்டுட்டு வாங்க. குப்பையை வீட்டுல வச்சுக்கிட மாட்டேன்"ன்னா. சொல்லிட்டு ரெண்டாவது சாக்கும் எடுத்துட்டு வந்து சுத்துனா, மூலையில இடிச்சிராம இருக்கணுமாம்.

அந்த மேடம் நல்ல மாதிரிதான், காபியெல்லாம் குடுத்தாங்க. எனக்கு அவங்க மேல ஒரே ஒரு வருத்தம்தான். சகலை படத்து மேல லென்ஸை வச்சாங்க. வச்ச வேகத்துல எடுத்துட்டாங்க. "மெஷின் பிரிண்ட்"ன்னாங்க. நான் பொறுமையா, "எதை வச்சு மேடம் சொல்றீங்க?"ன்னேன்.

"புள்ளி தெரியுது பாருங்க சார்."

"புள்ளி இருந்தாத்தானே மேடம் படம்?"

அவங்க என்னைய ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. அப்புறம் எங்க வீட்டுப் படத்துச் சாக்கைப் பிரிச்சாங்க. இதுக்கு மட்டும் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. பின்பலகையைக் கழட்டித் தாளை ரெண்டு கையாலயும் எடுத்து, திருப்பி, வெளிச்சத்துல சாய்ச்சாங்க. முதுகுல மை ஊறியிருக்கு, சுத்திச் சுத்தித் தேய்ச்ச தடம் தெரியுது. மரக்கட்டையில செதுக்கி, ஒவ்வொரு கலருக்கும் ஒரு கட்டையாம். மையைத் தடவித் தாளை மேல வச்சுக் கையாலயே தேய்ச்சு எடுப்பாங்களாம். அதனால புள்ளியே இருக்காதாம். கலரு கொஞ்சம் வழியும், மரத்து வரி தெரியும், அது கையோட அடையாளம்ங்கிறாங்க. "இது கையால அடிச்சது சார், அருமையான வேலை"ன்னு சொன்னாங்க. நான் எதை எதையெல்லாம் காட்டி வேஸ்ட்டுன்னு சொன்னேனோ, அதையே ஒண்ணொண்ணாக் காட்டி நல்லதுன்னு சொன்னாங்க. சகலை என்னையவே பார்த்துக்கிட்டிருந்தாரு. நான் காபியைப் பார்த்தேன்.

"அப்ப இது அசலா?"ன்னு சகலை கேட்டாரு.

அதுவும் இல்லையாம். கம்ப்யூட்டர்ல மியூசியத்துப் படத்தைக் காட்டுனாங்க. அதுல படகுக்காரன் தொப்பியில ரெண்டு கோடு, எங்களுதுல ஒண்ணுதான். ஓரத்துல வேற ஒரு கம்பெனி முத்திரை. பழைய படத்தைப் பார்த்துப் புதுசாக் கட்டை செதுக்கி அடிச்ச மறுபதிப்பாம். நாலஞ்சாயிரம் பெறுமாம். அந்தக் காலத்துக் கட்டையில அந்தக் காலத்துல அடிச்சது நூறு இருந்தாலும் அத்தனையும் அசல்தானாம், ஒண்ணே ஒண்ணுன்னு கிடையாதாம். பேரு போன நடிகருக, ஊருக, பனி, மழைன்னு அடிச்சு சனங்களுக்குச் சல்லிசா வித்தாங்களாம். "அப்ப எங்க ஊரு காலண்டர் மாதிரியா மேடம்?"ன்னேன். "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்"ன்னாங்க. எனக்கு ஒரே சந்தோசம். ஜப்பானுக்கும் ஒரு சிவகாசி இருந்திருக்கு, பாருங்க!

"சரி, எங்க படம் என்ன பெறும்?"ன்னாரு சகலை. "ஃபிரேம் நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு, மேடம் சும்மா ஒரு பார்வைக்கு அதோட பின்பலகையையும் கழட்டுனாங்க. கழட்டுனவங்க அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காங்க.

எட்டிப் பார்த்தா, ஜப்பான்காரி முதுகுல மயிலு!

ஆமா அண்ணாச்சி, முருகன் மயிலு. பாதித் தோகை, பாதி வேலு, கீழ எங்க முதலாளி பிரஸ் பேரு. கழுத்து நீலம் கறுத்துப் போயிருக்கு. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த லாட்டை நான் மறப்பனா? மை கலக்குறவன் பண்ணுன கோளாறுல காலண்டர் மொத்தமும் கெட்டுப்போயி, முதலாளி என்னையக் கிழிகிழின்னு கிழிச்ச லாட்டு அது. நான் ஒண்ணுமே செய்யல, மை கலக்குனவன் தப்பு, அதை விடுங்க. கெட்டுப்போன ஷீட்டை நாங்க எறிய மாட்டோம். அடுத்த வேலை வரும்போது கலரு சரியா விழுதான்னு பார்க்க, மொதல்ல அதைத்தான் திருப்பி மெஷினுக்குள்ள விடுவோம்.

அப்பத்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. ஒரு லீவு நாள்ல முதலாளி என்னைய மட்டும் வரச் சொன்னாரு. ப்ளேட்டெல்லாம் போட்டுத் தயாரா வச்சிருந்தாரு. மையை அவரே சட்டையைச் சுருட்டிவிட்டுக் கலக்குனாரு. மாதிரிப் படத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஷீட்டா எடுத்துக்கிட்டுப் போயி ஒத்துப் பார்க்காரு. "சிவப்பு வெளிய போகக் கூடாதுடா, கோட்டுக்குள்ள நிக்கணும்"ங்காரு. ஜப்பான்காரன் விட்டதைத் திருத்தி அடிக்காராம்! நான் ஏதோ காலண்டர் ஆர்டருன்னு நினைச்சு ஓட்டுனேன். படத்தையா பார்த்தேன், ரிஜிஸ்டரைத்தான் பார்த்தேன். கடைசியில ஒரே ஒரு ஷீட்டை எடுத்துக்கிட்டு, "மூத்தது கல்யாணமாகிப் போகுதுடா. இந்தப் படம் வேணும்ங்குது. சின்னது தர மாட்டேன்னு அழுவுது"ன்னாரு. எதைச் சொல்றாருன்னு எனக்குப் புரியல, சரிங்க முதலாளின்னேன். ஒத்தை ஷீட்டுக்காக நல்ல தாளைப் பிரிக்க அவருக்கு மனசு வந்திருக்காது, மயிலு முதுகுலயே முடிச்சுட்டாரு. சிக்கனம்னா அப்படி ஒரு சிக்கனம்.

அப்ப யோசிச்சுப் பாருங்க. சின்னவளுக்குக் கடையில வாங்குனது. மூத்தவளுக்கு அதைவிடச் சுத்தமா இருக்கணும்னு அவரே மை கலக்கி அடிச்சது. சிவகாசிக்காரனைப் பொறுத்தமட்டுல இதுல எது ஒசத்தி? நான் லென்ஸ்ல பார்த்துக் காப்புப் போடணும்னு சொன்னேனே, அது என் கைதான்! நான் சொன்னது தப்பாங்க? நல்ல பிரிண்ட்டு எதுன்னு கேட்டாங்க, சரியாத்தானே சொல்லியிருக்கேன்.

வெளிய டீக்கடையில நின்னு சகலை, "உங்க மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்க சகல, எனக்குக் கடையில வேலை கிடக்கு"ன்னாரு. பயந்துக்கிட்டேதான் சாத்தூருக்குப் போயி, மேடம் சொன்னதையும் அந்த லீவு நாளுக் கதையையும் சொன்னேன். மதினி படத்தைத் திருப்பி மயிலைப் பார்த்தாங்க, பிரஸ் பேரை விரலால தடவுனாங்க. ரொம்ப நேரம் தடவுனாங்க. போச்சுடான்னு நினைச்சேன். அப்புறம் ஃபோனை எடுத்துத் தங்கச்சிக்குப் போட்டாங்க. பேச்சு நின்னதுக்கப்புறம் மொதத் தடவை.

"ஏ தவமணி, ஒனக்கு அப்பா காசு குடுத்து வாங்கிட்டு வந்தாருடி. எனக்கு அவரு கையால அடிச்சுக் குடுத்திருக்காருடி!"ன்னு கத்துறாங்க, கண்ணுல தண்ணியா ஊத்துது. அந்தப் பக்கம் இவ, "ஜப்பான்ல இருந்து மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தது எனக்குத்தானே!"ங்கா. சண்டையா சமாதானமான்னு எனக்கு இன்னைய வரைக்கும் புரியல. ஆனா ஃபோனை வைக்கவே இல்ல. கடைசியில வத்தக் குழம்புக்கு வந்துட்டாங்க. மதினிக்கு மயிலையும் பார்க்கணும், பொம்பளையையும் பார்க்கணும், அதான் இந்த ரெண்டு பக்கக் கண்ணாடி.

நான் எங்க படத்தோட வீட்டுக்கு வந்தேன். தவமணி அதைக் கையில வாங்கித் துடைச்சு மாட்டுனா. ஆனா மூஞ்சி சரியில்ல. "மேடம் அருமையான வேலைன்னு சொன்னாங்களே, இன்னும் என்ன?"ன்னேன்.

"அது இருக்கட்டும். அவளுக்குன்னு அப்பா உக்காந்து மை கலக்கியிருக்காருல்ல? எனக்குன்னு அவரு என்ன பார்த்துப் பார்த்துச் செஞ்சாரு?"

எங்க இருந்துதான் எனக்கு அந்த நேரத்துல வாய் வந்துச்சோ! "அந்த லீவு நாளு வேலை முடிஞ்சு மெஷினைத் துடைச்சுக்கிட்டு நிக்கேன். உங்கப்பா என்னைய மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'ஒனக்குப் பொண்ணு பார்த்திருக்காங்களாடா?'ன்னு கேட்டாரு. அவ்வளவு நேரம் கலரு பார்த்தாருன்னு நினைச்சியா? என்னையப் பார்த்திருக்காரு. அக்காளுக்கு மெஷின்ல ஓடுனதைக் குடுத்தாரு. ஒனக்கு மெஷினை ஓட்டுனவனையே குடுத்திருக்காரு"ன்னேன்.

அவ அடுப்படிக்குள்ள போயிட்டா. முதுகு குலுங்குது, அழுவுறாளோன்னு பதறிப் போயிட்டேன். அழல அண்ணாச்சி, சிரிக்கா. தட்டைக் கொண்டாந்து வச்சா. குழம்பு ஊத்துனா. ஊத்திட்டு, "அப்ப நான் நினைச்சது சரிதான். அவளுக்குப் படம், எனக்கு வேஸ்ட் ஷீட்டு"ன்னா.

சொல்லிட்டு மீன் தலையை எடுத்து என் தட்டுல வச்சா.

இந்தா சாத்தூர் வந்திருச்சு. குடுங்க அண்ணாச்சி, பார்த்து. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, தவமணி சிவகாசியில இருந்து காலை பஸ்ஸுலயே வந்துட்டா, ரெண்டு பேரும் சமைச்சுக்கிட்டு இருப்பாங்க. யோவ் டிரைவரு, மெல்ல நிப்பாட்டு, மயிலு இருக்கு!